பொதுக்கணக்கை யார் வைப்பது?

மெயில் சர்வர் எழுதுவதற்கான லைப்ரரிகளுக்கு இப்போது ஒரு தகுதிச் சான்று வேண்டியிருக்கிறது: ‘குளோபல் ஸ்டேட் கிடையாது.’ அறிமுகத்தின் முதல் பத்தியிலேயே இதைப் போட்டுக்கொள்கிறார்கள். கோவையில் பீளமேட்டிலும் சரவணம்பட்டியிலும் வேலைக்கு ஆள் எடுக்கையில் கேட்கும் கேள்விகளிலும் இது வந்துவிட்டது. ஒரு குளோபல் மாறியைக் கண்டாலே மேற்கொண்டு படிக்காமல் அந்த நிரலை ஓரங்கட்டுபவர்களை எனக்குத் தெரியும். கொள்கை தவறு என்று நான் சொல்லவில்லை. அதைக் காட்டி லைப்ரரி எழுதுபவர்கள் தம் வேலையில் பாதியை அடுத்தவர் தலையில் கட்டுகிறார்கள் என்பதே என் நெடுநாளைய புகார்.

நன்மைகளை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். குளோபல் மாறிகளின் கெடுதலை வுல்ஃபும் மேரி ஷாவும் 1973இலேயே எழுதிவிட்டார்கள். பைத்தானோடு வந்த பழைய எஸ்எம்டிபிடி தொகுதி, அசின்கோரின் பொது அகராதி ஒன்றில்தான் எல்லா இணைப்புகளையும் போட்டு வைத்தது. சர்வருக்குத் தனி அகராதி கொடுக்கும் வசதி 3.4 பதிப்பில்தான் வந்தது. 2023 அக்டோபரில் வெளியான 3.12இல் எஸ்எம்டிபிடி, அசின்கோர் இரண்டையுமே நீக்கிவிட்டார்கள். மாற்றாக வந்த ஏஐஓஎஸ்எம்டிபிடி ஒவ்வொரு இணைப்புக்கும் ஒரு செஷன், ஒவ்வொரு கடிதத்துக்கும் ஒரு என்வலப் என்று பிரித்துத் தருகிறது. கோ மொழியின் கோ-எஸ்எம்டிபியிலும் இணைப்புக்கொரு செஷன்தான். ஒருவருடைய முகவரி இன்னொருவர் கடிதத்தில் ஒட்டிக்கொள்ளும் பிழைக்கு இதில் இடமில்லை. சோதனைகளை ஒன்றாக ஓட்டலாம். ஒரே புரோகிராமில் இரண்டு சர்வர் வைக்கலாம். எல்லாம் நல்லதே.

ஆனால் மெயில் சர்வர் அறிந்திருக்க வேண்டியவற்றில் முக்கியமானது எதுவும் ஓர் இணைப்புக்குள் அடங்குவதில்லை. இந்த ஐ.பி.யிலிருந்து கடந்த ஒரு நிமிடத்தில் எத்தனை இணைப்புகள் வந்தன? எந்த டொமைன் இப்போது கடிதம் வாங்க மறுக்கிறது? இவரை இதற்கு முன் பார்த்திருக்கிறோமா? இவையெல்லாம் இயல்பிலேயே பொதுவான செய்திகள். மாறியை ஒழித்தால் செய்தி ஒழியாது.

கிரேலிஸ்டிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். எவன் ஹாரிஸ் 2003இல் முன்வைத்த எளிய உத்தி அது. அனுப்பும் ஐ.பி., அனுப்புநர், பெறுநர் ஆகிய மூன்றும் சேர்ந்து முதன்முறையாக வந்தால் 451 என்ற தற்காலிக மறுப்பைச் சொல்லித் திருப்பி அனுப்ப வேண்டும். குறித்து வைக்க வேண்டும். சற்று நேரம் கழித்து மறுபடி வந்தால் வாங்கிக்கொள்ள வேண்டும். குப்பை அனுப்புகிறவன் பெரும்பாலும் திரும்பி வருவதில்லை, ஒழுங்கான சர்வர் வரும்.

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்துக்காக எழுதப்பட்ட மெயில் வாயிலில் இது எப்படிப் பழுதானது என்பதை லாகில் வரிவரியாகப் பார்த்திருக்கிறேன். ஹாம்பர்க்கிலிருந்து பையர் அனுப்பிய லேப் டிப் (சாய மாதிரி) ஒப்புதல் மதியம் கிளம்பியிருக்கிறது. இரவு வரை மெர்ச்சண்டைசருக்கு வந்து சேரவில்லை. சாயப்பட்டறையில் துணி காத்துக்கிடந்தது. வாயிலில் நான்கு புரோசஸ்கள், முன்னால் ஒரு லோட் பேலன்சர். கடிதம் முதலில் மூன்றாவது புரோசஸிடம் போனது: 451. மறுமுறை முதலாவதிடம் போனது. அதற்கு இந்தக் கடிதம் புத்தம் புதிது: 451. பிறகு நான்காவதிடம்: 451. ஒவ்வொன்றும் தன் நினைவில் ஒழுங்காகக் குறித்து வைத்திருந்தது. பக்கத்துப் புரோசஸின் குறிப்பை எதுவும் பார்க்கவில்லை. இரண்டு முயற்சிகளுக்கு இடையே குறைந்தது 30 நிமிடம் விடச் சொல்கிறது 2008இன் ஆர்.எஃப்.சி. 5321, பல சர்வர்கள் அந்த இடைவெளியைப் போகப்போகக் கூட்டிக்கொண்டே போகும். ஒரு வரி ஒப்புதல் அரைநாள் அலைந்ததற்குக் காரணம் இதுதான்.

எழுதிய இளைஞர் சொன்னார்: “கோடுல குளோபல் ஒன்னுகூட இல்லீங்ணா, டெஸ்ட் எல்லாம் பாஸ் ஆகுதுங்க.” இரண்டுமே உண்மை. ஒவ்வொரு சோதனையும் புதிதாக ஒரு சர்வரை உருவாக்கி, அதனிடமே இரண்டு முறை கடிதம் கொடுத்துப் பார்த்தது. இந்தப் பழுது அதில் எப்படி அகப்படும்? அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. லைப்ரரி அவருக்கு செஷன் ஒன்றைக் கொடுத்தது, என்வலப் ஒன்றைக் கொடுத்தது. ஊருக்கெல்லாம் பொதுவான கணக்கை எங்கே வைப்பது என்று எங்கும் சொல்லவில்லை. அவர் கண்ணுக்கெட்டிய இடத்தில், ஹேண்ட்லர் பொருளுக்குள் ஓர் அகராதியாக வைத்தார். ஏஐஓஎஸ்எம்டிபிடியில் ஒரு கன்ட்ரோலரின் எல்லாச் செஷன்களுக்கும் ஹேண்ட்லர் ஒன்றேதான். பெயரளவில் அது குளோபல் இல்லை. அந்தப் புரோசஸுக்குள் அதன் வேலை குளோபலின் வேலை.

அனுப்பும் பக்கம் இன்னும் மோசம். ஜிமெயில் தனிநபர் கணக்குகளுக்கு ஒரு நாளில் 5000 கடிதங்களுக்கு மேல் அனுப்புவோருக்கு, 2024 பிப்ரவரி முதல் கூகுள் கடும் விதிகளை வைத்திருக்கிறது. அந்த எண்ணிக்கையை டொமைன்வாரியாகத்தான் பார்க்கிறது. நம் நிரலில் எத்தனை செஷன், எத்தனை புரோசஸ் என்பது அதற்கு வேண்டாத சங்கதி. ‘ஒரு டொமைனுக்கு ஒரே நேரத்தில் ஐந்து இணைப்பு’ என்று ஒவ்வொரு கிளையண்ட் பொருளிலும் எழுதிவிட்டு நான்கு பொருள்களை ஓட்டினால், எதிர்முனைக்கு வந்து சேர்வது இருபது. ஒன்று 421 என்ற மறுப்பை வாங்கிப் பின்வாங்கும்போது மற்ற மூன்றும் மோதிக்கொண்டே இருக்கும். பரம்பிக்குளம்-ஆழியாறு (பி.ஏ.பி.) பாசனத்தில் நான்கு மண்டலங்களுக்கு முறைவைத்துத் தண்ணீர் விடுகிறார்கள். மடை அவரவருடையது, திருமூர்த்தி அணையின் நீர்மட்டம் ஒன்றுதான். மடைகளைப் பிரித்துக் கொடுத்ததோடு தன் வேலை முடிந்தது என்று ஒரு பொறியாளர் போய்விட்டால் கடைமடை காய்ந்துவிடும்.

இந்தக் கொள்கையின் காவலர்கள் போஸ்ட்ஃபிக்ஸின் மூலநிரலை ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும். வீட்சே வெனிமா ஐ.பி.எம்.மில் இருந்தபோது எழுதி 1998 டிசம்பரில் வெளிவந்த சர்வர் அது. உள்ளே குளோபல் மாறிகள் ஏராளம்; அமைப்பு விவரங்கள் எல்லாம் ‘வார்’ என்று தொடங்கும் குளோபல்களில்தான் இருக்கின்றன. நம்மூர் நேர்முகத்தேர்வில் அது தேறாது. ஆனாலும் இத்தனை ஆண்டுகளாக நின்று வேலை செய்கிறது. கடிதம் வாங்கும் புரோசஸ் ஒவ்வொன்றும் ஒரு நேரத்தில் ஒரே ஒருவரோடுதான் பேசும். அடுத்த புரோசஸின் நினைவைத் தொடாது. பொதுவாக இருந்தே தீர வேண்டிய கணக்குகளுக்குத் தனித்தனிப் பொறுப்பாளர்களை வெனிமா வைத்தார். வரும் இணைப்புகளின் எண்ணிக்கையையும் வேகத்தையும் ஆன்வில் என்ற புரோசஸ் வைத்திருக்கிறது. கியூவை நடத்தும் கியூமேனேஜர் ஒன்றே ஒன்று. எந்த டொமைனுக்கு இப்போது எத்தனை கடிதம் ஒரே நேரத்தில் போகலாம் என்பது அதற்குத்தான் தெரியும். ஐந்தில் தொடங்கி, எதிர்முனை தாங்கினால் இருபது வரை ஏற்றும், தாங்காவிட்டால் இறக்கும். பொதுக்கணக்கு உண்டு என்று வெளிப்படையாகச் சொல்லி, அதை யார் வைக்க வேண்டும் என்பதையும் அவர் முடிவு செய்திருக்கிறார். இன்றைய லைப்ரரிகளில் எனக்குக் கிடைக்காதது அந்த முடிவுதான்.

‘ரெடிஸ் போன்ற பொதுத் தரவுக்களத்தில் வைத்துக்கொள்ளுங்கள்’ என்பது வழக்கமாக வரும் பதில். வைக்கலாம். ஆனால் அந்த வாக்கியத்தோடு லைப்ரரி கைகழுவக் கூடாது. முதலில் படி, பிறகு கூட்டி எழுது என்று இரண்டு கட்டளையாக எழுதினால், இரண்டுக்கும் இடைப்பட்ட நேரத்தில் இன்னொரு புரோசஸ் புகுந்துவிடும். எண்ணிக்கை குறைவாகவே காட்டும், வரம்பு மீறியது தெரியாது. இதைப் புதிதாக வேலைக்கு வந்தவர் ஒவ்வொருவரும் தானே பட்டுத் தெரிந்துகொள்ள வேண்டுமா?

அதைவிடக் கடினமான கேள்வி, அந்த ரெடிஸ் நின்றுபோனால் என்ன செய்வது என்பது. வரும் கடிதங்களுக்கெல்லாம் 451 சொன்னால் நல்ல கடிதங்களும் தாமதமாகும். வாங்கிக்கொண்டால் குப்பையும் சேர்ந்து வரும். கிரேலிஸ்டிங்கில் வாங்கிவிடுவதே மேல், ஏனென்றால் அடுத்துள்ள வடிகட்டிகள் குப்பையைப் பிடிக்க வாய்ப்புண்டு. அனுப்பும் வரம்பில் நிறுத்திவிடுவதே மேல், ஏனென்றால் டொமைனின் பெயர் ஒருமுறை கெட்டால் மீட்க நாளாகும். இந்த வேறுபாடு மெயிலிலேயே பழகியவருக்குத் தெரியும். அப்படிப் பழகியவர்தான் லைப்ரரியை எழுதுகிறார். ஆகவே பொதுக்கணக்குக்கு ஓர் இடைமுகத்தை வரையறுத்து, அதில் கூட்டுவதை ஒரே செயலாக்கி, கணக்கு கிடைக்காதபோது செய்ய வேண்டியதையும் சேர்த்து எழுதித் தருவது அவருடைய பொறுப்பு.