தூணும் பாதையும்: தாஹா ஹுஸைனின் 'அல்-அய்யாம்' குறித்துச் சில எண்ணங்கள்

பதினோராம் வகுப்புக்குத் தமிழ் கற்பிக்கும் எவருக்கும் 'எனது இலட்சியம்' என்ற கட்டுரைத் தலைப்பு பழகிப்போன ஒன்று. நானும் வருடந்தோறும் அதைக் கொடுத்து வருகிறேன். வகுப்பில் பாதிப்பேர் வைத்தியராவார்கள். மீதிப்பேரில் பொறியியலாளரும் சட்டத்தரணியும் இருப்பார்கள். ஏழைகளுக்கு இலவசமாக மருந்து கொடுக்காத வைத்தியர் ஒருவரை இத்தனை வருடத்தில் நான் அந்தக் கொப்பிகளில் கண்டதில்லை. எழுத்துப்பிழை குறைவு, ஆனால் எழுதிய பிள்ளை அதற்குள் இல்லை.

இதே குறை நமது சிறுகதைகளிலும் உண்டு என்பது எனது அபிப்பிராயம். நம் கதைகளில் வரும் இருபது வயது இளைஞனுக்கு ஒன்றில் நியமனக் கடிதம் வரவேண்டும், அல்லது விசா வரவேண்டும், அல்லது தங்கைக்குச் சீதனம் சேரவேண்டும். வந்தால் கதை சுபமாக முடியும், வராவிட்டால் சோகமாக முடியும். அவன் காத்திருக்கும் அந்த மூன்று நான்கு வருடங்களில் காலையில் எழுந்து என்ன செய்தான், எதைக் கண்டு மகிழ்ந்தான், எந்தச் சொல்லில் சுருங்கிப்போனான் என்பதை நாம் எழுதுவதில்லை. இலட்சியத்தை எழுதுகிறோம், நாட்களை விட்டுவிடுகிறோம்.

நாட்களையே தலைப்பாகக் கொண்ட ஒரு நூல் இருக்கிறது. எகிப்திய அறிஞர் தாஹா ஹுஸைனின் (1889 - 1973) 'அல்-அய்யாம்', அதாவது 'நாட்கள்'. ஆசிரிய கலாசாலையில் பயின்ற காலத்தில் இதன் ஆங்கில மொழிபெயர்ப்பை அகராதியின் துணையோடு படித்தேன். முதற்பாகம் 1932இலும் இரண்டாம் பாகம் 1943இலும் ஆங்கிலத்தில் வந்தவை. அண்மையில் மீண்டும் படித்தபோது அது வேறொரு நூலாகத் தெரிந்தது.

தாஹா ஹுஸைன் என்றதும் நம்மவர் சிலர் முகஞ்சுளிப்பது எனக்குத் தெரியும். ஜாஹிலிய்யாக் காலக் கவிதைகளைப் பற்றி 1926இல் அவர் எழுதிய நூல் பெரும் புயலைக் கிளப்பியது. அதன் கருத்துக்களுக்கு நான் இங்கே வக்காலத்து வாங்க வரவில்லை. ஆனால் அந்தப் புயல் வீசிய வேளையில்தான் தமது பிள்ளைப்பருவத்தை அவர் 'அல்-ஹிலால்' சஞ்சிகையில் தொடராக எழுதத் தொடங்கினார் என்பது கவனிக்கத்தக்கது. அது 1929இல் நூலாயிற்று.

மேல் எகிப்தின் கிராமமொன்றில் பிறந்து, ஊர் நாவிதரின் வைத்தியத்தால் சிறுவயதிலேயே பார்வையை இழந்து, குர்ஆனை மனனமிட்டு, 1902இல் பதின்மூன்று வயதில் கெய்ரோவின் அல்-அஸ்ஹருக்குப் படிக்கப் போகிறார். தம்மைப் பற்றி எழுதும்போது 'நான்' என்று எழுதாமல், 'நமது நண்பன்' என்று படர்க்கையில் சொல்வது அவரது முறை.

போகும் முன்னரே இலட்சியம் தீர்மானிக்கப்பட்டிருக்கிறது, ஆனால் அது வாப்பாவின் இலட்சியம். மூத்த மகன் காழியாக வேண்டும். இளையவன் அஸ்ஹரின் தூண்களில் ஒன்றில் சாய்ந்து, சுற்றிலும் மாணவர் வட்டமிருக்க, பாடம் சொல்லும் ஆலிமாக வேண்டும். அந்தத் தூண் நமக்கும் தெரிந்ததுதான். நமது வீடுகளில் அதற்கு வைத்தியர் என்றும் பொறியியலாளர் என்றும் பெயர்.

இரண்டாம் பாகத்தைத் திறந்தால் தூணைக் காணோம். அறையிலிருந்து அஸ்ஹர் வரையான பாதைதான் வருகிறது. கண்ணால் காணாத ஒருவரின் பாதை அது. ஓரிடத்தில் வலது கன்னத்தில் ஹூக்காப் புகையின் சூடு படுகிறது. மேல்மாடியொன்றில் கிளி கத்துகிறது. ஸுபஹு வேளையில் அஸ்ஹரின் முற்றத்தில் காலை வைத்ததும் முகத்தில் படும் இளங்காற்று, உம்மாவின் முத்தத்தை நினைவூட்டுகிறது. படிப்பு என்பது அவருக்கு முதன்முதல் இன்பமாக வந்தது அந்தக் காற்றில்தான்.

இதற்கு நேரெதிரானவை மாலைகள். காக்கா தம் தோழர்களோடு பக்கத்து அறையில் தேநீர் அருந்திக் கதைக்கிறார். தம்பி இங்கே தனியே இருக்கிறார். ஒரு கோப்பைத் தேநீருக்கு மனம் ஏங்குகிறது, கேட்க வெட்கம். பிறகு இராச்சாப்பாட்டை வைத்துவிட்டுக் காக்கா பாடத்துக்குப் போய்விடுவார். பசி இல்லாவிட்டாலும் தம்பி அதைத் தின்று முடிக்கிறார். மிச்சம் வைத்தால், திரும்பி வரும் காக்கா தமக்குச் சுகமில்லையோ, கவலையோ என்று எண்ணிவிடுவார் என்ற பயம். தூர ஊரில் தங்கிப் படித்த எந்தப் பிள்ளைக்கும் இந்த ஒரு காட்சி போதும். விடுதியிலிருந்து வீட்டுக்குத் தொலைபேசியில் பேசி, வயிறு நிறையச் சாப்பிட்டதாகப் பொய் சொல்லும் நம் பிள்ளைகளும் இதே குடும்பம்தான்.

நூலின் உச்சம் என்று நான் கருதுவது வேறொன்று. அஸ்ஹரில் முறைப்படி மாணவராகப் பதிவு பெறுவதற்குக் குர்ஆன் பரீட்சை நடக்கிறது. சில ஆயத்துக்களை ஓதியதும் தேறிவிடுகிறார். வாப்பாவின் இலட்சியத்தில் முதற்படி ஏறியாகிவிட்டது. மகிழ்ந்திருக்க வேண்டிய நாள். ஆனால் பரீட்சகர் அவரை அழைத்ததும் அனுப்பியதும் பெயரால் அல்ல, கண்ணில்லாததைச் சொல்லி. வீட்டார் அவர் முன்னிலையில் சொல்லாமல் காத்து வந்த சொல் அது. வெற்றி மறந்துபோகிறது, அந்தச் சொல் மட்டும் மிஞ்சுகிறது. முன்னேற்றம் என்று நாம் குறித்துவைக்கும் நாள் ஒன்று. ஒருவனது மனதில் பதியும் கணம் இன்னொன்று. இந்த வேறுபாட்டைத் தாஹா ஹுஸைன் விளக்கிப் பேசவில்லை. நடந்ததைச் சொல்லிவிட்டு நகர்கிறார்.

இவ்விடத்தில் என் புத்தகத்தை மூடிவைக்க நேர்ந்தது. காரணம் சொல்லத்தான் வேண்டும். என்னிடம் படித்த பையன் ஒருவன் உயர்தரப் பரீட்சையை மூன்றாந்தடவை எழுத ஆயத்தமாகிக்கொண்டிருந்தான். வாசிகசாலைக்கு வந்த நண்பரிடம் அவனை அறிமுகப்படுத்துகையில், "இவர் மூன்றாந்தடவைக்காரர்" என்றேன். பகிடியாகத்தான் சொன்னேன். அவனும் சிரித்தான். பின்பு இரண்டு வாரம் வாசிகசாலைப் பக்கம் வரவில்லை. அஸ்ஹரின் பரீட்சகரும் தீய மனிதராக இருந்திருக்கமாட்டார். என்னைப் போல ஒரு வாத்தியாராகத்தான் இருந்திருப்பார்.

திரும்பி வந்தவன் எங்கள் கையெழுத்துச் சஞ்சிகைக்கு இரண்டு பக்கம் தந்தான். இரவில் வாப்பாவோடு வட்டைக்குத் தண்ணீர் கட்டப் போனதை எழுதியிருந்தான். மண்வெட்டியோடு வரம்பில் நின்ற வாப்பா, எந்த வக்கடையை முதலில் திறப்போம் என்று அன்று அவனிடம் கேட்டாராம். அதுவரை அவர் அவனிடம் எதையும் கேட்டதில்லையாம். தங்கள் வயலுக்கு மட்டும் தண்ணீர் ஏன் கடைசியாக வந்து சேர்கிறது என்பதைப் படித்தறிய வேண்டும் என்று முடித்திருந்தான். இருபது வருடமாக நான் திருத்திய இலட்சியக் கட்டுரைகளில் காணாத ஓர் இலட்சியம் அங்கே இருந்தது. அதை அவனுக்கு யாரும் கொடுக்கவில்லை, வரம்பில் நின்றபோது அவனுக்கே கிடைத்தது.

'அல்-அய்யாம்' குறையற்ற நூல் அல்ல. தம்மீது கொண்ட இரக்கம் சில இடங்களில் அளவு மீறுகிறது. ஷெய்குமாரைப் பரிகசிக்கும் பக்கங்களில் நியாயம் குறைவு. உம்மாவும் சகோதரிகளும் நிழலாகவே வந்து போகிறார்கள். அதே வீட்டில் இருந்த ஒரு பெண்பிள்ளையின் நாட்களை யாரும் எழுதவில்லை. இந்தக் கடைசிக் குறை நம் இலக்கியத்துக்கும் பொருந்தும்.

தாஹா ஹுஸைன் அந்தத் தூணில் சாயவே இல்லை. அஸ்ஹரின் இறுதிப் பட்டம் அவருக்குக் கிட்டவில்லை. 1908இல் தொடங்கிய எகிப்தியப் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து, 1914இல் கலாநிதிப் பட்டம் பெற்றார். 1950இல் கல்வி அமைச்சரானபோது, கல்வி தண்ணீரையும் காற்றையும் போல எல்லோருக்கும் உரியது என்று கூறி, இடைநிலைக் கல்வியை இலவசமாக்கினார். 1945 முதல் இலவசக் கல்வியை அனுபவித்து வரும் நமக்கு அது பெரிதாகத் தோன்றாமலிருக்கலாம். ஆனால் வாரக்கணக்கில் பாணியும் ரொட்டியுமே உண்டு படித்த ஒருவரின் நாட்களிலிருந்து பிறந்த இலட்சியம் அது. வாப்பா தந்த தூணிலிருந்து பிறந்ததல்ல.

ஆகவே இலட்சியம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது எங்கிருந்து வருகிறது என்பதை எழுதுங்கள் என்றுதான் நமது இளைய எழுத்தாளரைக் கேட்கிறேன். விசா வருவதற்கு முந்திய நாட்களையும், பெறுபேறு வராத மாதங்களையும் எழுதுங்கள். நான் இவ்வருடம் பதினோராம் வகுப்புக்குத் தலைப்பை மாற்றிவிட்டேன். 'நான் பாடசாலைக்கு வரும் பாதை' என்று கொடுத்தேன். கொப்பிகளில் எழுத்துப்பிழை கூடியிருக்கிறது. திருத்த நேரமும் கூடுதலாகவே பிடிக்கிறது.

அந்தப் பையன் பரீட்சை எழுதிவிட்டான். பெறுபேறு இன்னும் வரவில்லை.