முப்பது காதமும் ஒரு வேளைச் சோறும்

சிலப்பதிகாரம் என்றதும் நமக்கு ஞாபகம் வருவது பாண்டியன் அவை. பள்ளிப் பாடமும் பட்டிமன்றமும் சேர்ந்து அந்த ஒரு காட்சியை அவ்வளவு பெரிதாக்கிவிட்டன. விரிந்த கூந்தல், கையில் ஒற்றைச் சிலம்பு, தெறிக்கும் மாணிக்கம். அதற்கு முன்னால் இளங்கோ மூன்று பேரை நாலு காதை தூரம் நடக்க விடுகிறார், பிறகு ஒரு அடுப்பை மூட்டிச் சமைக்க வைக்கிறார் என்பது பலருக்கு நினைவில் இருக்காது. நாடுகாண் காதையிலிருந்து புறஞ்சேரி இறுத்த காதை வரைக்கும் நடை. கொலைக்களக் காதையில் சாப்பாடு. அவையில் கண்ணகி எழுப்பும் நெருப்புக்கு விறகு இந்த நடையிலும் இந்தச் சாப்பாட்டிலும்தான் இருக்கிறது என்பது என் வாசிப்பு.

முதலில் நடை. புகாரை விட்டு ஒரு காதம் போவதற்குள் கண்ணகிக்கு மூச்சு வாங்குகிறது. மதுரை எங்கே என்று கேட்கிறாள். கோவலன் 'ஆறைங்காதம்' என்கிறான். ஆறு ஐந்து முப்பது. ஆனால் அவன் அதைச் சொல்லும் விதத்தில் ஏதோ ஐந்தாறு காதம், பக்கம்தான் என்பதுபோல ஒலிக்கிறது. பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. அவர்களுடைய தாம்பத்தியம் மொத்தமும் அந்த ஒரு சொல்லில் இருக்கிறது.

கூடவே வரும் கவுந்தி அடிகள் சமணத் துறவி. வழியைப் பற்றி அவர் சொல்லும் எச்சரிக்கைகளில் ஒன்று, ஆற்றங்கரையில் நடக்கும்போது காலடியில் நண்டும் நத்தையும் நசுங்கிவிடக் கூடாது என்பது. களைத்துப்போன ஒரு பெண்ணை வைத்துக்கொண்டு நத்தையைப் பற்றிப் பேசுவது இன்றைக்குச் சிரிப்பாகத் தோன்றலாம். ஆனால் ஒரு நத்தையின் உயிருக்குக் கணக்கு வைக்கும் ஒருவரை அவர்கள் கூட நடக்க வைத்துவிட்டுத்தான், விசாரணையே இல்லாமல் ஒரு மனிதனை வெட்டும் ஊருக்கு இளங்கோ அவர்களைக் கூட்டிப் போகிறார்.

காடுகாண் காதையில் மாங்காட்டு மறையோன் ஒருவன் வழி சொல்கிறான். கொடும்பாளூர்ப் பக்கம் பாதை சூலம் மாதிரி மூன்றாகப் பிரிகிறது. வலப்பக்கம் போனால் சிறுமலை, இடப்பக்கம் போனால் திருமால்குன்றம், நடுவில் ஒரு பாதை. இன்றைக்கு கூகுள் மேப் காட்டும் மூன்று வழிகளைப் போலத்தான். என்ன, மேப் நிமிடக் கணக்கைச் சொல்லும். இவன் எந்தப் பாதையில் என்ன பழுக்கும், எந்த மரம் நிற்கும், எந்தத் தெய்வம் வந்து மயக்கும் என்று சொல்கிறான். திருமால்குன்றம் என்பது எங்கள் மேலூருக்கு மேற்கே தெரியும் அழகர்மலை. அவர்கள் அந்த வழியாக வரவில்லை, நடுப்பாதையில் போய்விட்டார்கள். ஆனால் கவுந்தி மாதிரியான துறவிகள் எங்கள் பக்கம் நிறையவே இருந்திருக்கிறார்கள். மாங்குளத்திலும் அரிட்டாபட்டியிலும் கீழவளவிலும் பாறைக் குகைகளில் அவர்களுக்காக வெட்டிய கற்படுக்கைகளும் தமிழ்ப் பிராமி எழுத்துகளும் இன்றும் இருக்கின்றன. இங்கே வளர்ந்த ஒருவனுக்குக் கவுந்தி வெறும் கற்பனைப் பாத்திரமாகத் தோன்றுவது கஷ்டம்.

இனி சாப்பாடு. ஊருக்கு வெளியே ஆயர்பாடியில் மாதரியிடம் கண்ணகி அடைக்கலமாக ஒப்படைக்கப்படுகிறாள். கோவலன் சாவக நோன்பி, பகலிலேயே சாப்பிட்டாக வேண்டும், சீக்கிரம் பாத்திரங்களைக் கொடுங்கள் என்கிறாள் மாதரி. பலாக்காய், வெள்ளரி, மாதுளங்காய், மாம்பழம், வாழைப்பழம், சாலி அரிசி, பாலும் மோரும் வந்து இறங்குகின்றன. கண்ணகி வளைந்த அரிவாளில் காய் நறுக்குகிறாள், விரல் சிவக்கிறது. காட்டு வழியில் அவள் பாதம் சிவந்ததை முன்பே சொன்ன இளங்கோ இங்கே விரல் சிவப்பதைச் சொல்கிறார். முகம் வியர்க்கிறது, புகையில் கண் கலங்குகிறது, மாதரியின் மகள் ஐயை வைக்கோலை வைத்துத் தீ மூட்டுகிறாள். கோவலனின் கால் கழுவிய நீரை மண் கலத்தில் ஏந்தி அப்புறப்படுத்துகிறாள். தரையில் தண்ணீர் தெளித்துக் கையால் தடவி, வாழைக் குருத்தை விரிக்கிறாள். சாப்பாடு எப்படி இருந்தது என்று மட்டும் யாரும் சொல்வதில்லை.

இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க எனக்குத் தோன்றுவது ஒரு கிரேக்கத் தீவு. ஒடிசியின் பதினான்காம் பகுதி. இருபது வருடம் கழித்து இதாக்கா தீவில் இறங்கும் ஒடிசியஸ், பிச்சைக்காரன் வேடத்தில் கரடுமுரடான மலைப்பாதையில் ஏறி, பன்றி மேய்க்கும் யூமேயஸின் குடிசைக்குப் போகிறான். அரண்மனையில் கொழுத்த பன்றிகளை வேறு யாரோ தின்றுகொண்டிருக்க, யூமேயஸ் இரண்டு குட்டிகளைக் கொன்று, கம்பியில் சுட்டு, பார்லி மாவைத் தூவிப் பரிமாறுகிறான். அங்கேயும் நடை, ஊருக்கு வெளியே ஒரு மேய்ப்பர் வீடு, முன்பின் தெரியாதவனுக்குச் சோறு. பிறகு அரண்மனையில் அவன் காலைக் கழுவும் கிழவி தழும்பை வைத்து அவனை அடையாளம் கண்டுகொள்கிறாள். அந்தச் சாப்பாட்டிலிருந்து ஒடிசியஸ் தன் வீட்டுக்குள் நடந்து போகிறான். கோவலன் தன் சாப்பாட்டிலிருந்து நடந்து போவது கொலைக்களத்துக்கு. ஒடிசியஸுக்கு அந்தக் குடிசை வீட்டுக்குப் போகும் வழி. கண்ணகிக்கு இந்தக் குடிசைதான் வீடு. அதுவும் இரவல் பாத்திரம், இரவல் அரிசி.

சாப்பிட்டு, வெற்றிலை பாக்கும் வாங்கிக்கொண்ட பிறகுதான் கோவலன் வருந்திப் பேசுகிறான். எழுந்திரு என்றேன், எழுந்துவிட்டாயே, என்ன காரியம் செய்தாய் என்கிறான். கண்ணகி தன் ஒரே குற்றச்சாட்டை அப்போதுதான் வைக்கிறாள். அவள் முதலில் சொல்வது 'என்னை விட்டுப் போனாய்' என்பதல்ல. அறவோருக்குக் கொடுக்க முடியவில்லை, துறவியரை எதிர்கொள்ள முடியவில்லை, விருந்தினரை வரவேற்க முடியவில்லை. இதையெல்லாம் நான் இழந்தேன் என்பது. கணவன் இல்லாத வீட்டில் இலை போடும் உரிமையே அவளுக்கு இல்லாமல் போயிருந்தது.

இது ஆணாதிக்கம்தானே என்று இன்று வாசிக்கும் ஒருவர் கேட்பார். நிச்சயமாக. பெண் சோறு போடுவதற்கு ஆண் வீட்டில் இருந்தாக வேண்டும் என்ற ஏற்பாட்டை இளங்கோ கேள்வி கேட்கவில்லை. ஆனால் அந்த ஏற்பாடு ஒரு பெண்ணிடமிருந்து எதைப் பிடுங்கிக்கொண்டது என்பதை அவள் வாயாலேயே சொல்ல வைத்துவிட்டார். 'கற்பு' என்ற ஒற்றைச் சொல்லில் இந்தக் காட்சியை மூடிவிடும் உரைகளில் இந்த இழப்பு காணாமல் போகிறது. கால் கழுவிய நீரை மட்டும் பார்த்துவிட்டு, அதற்கு அடுத்து வரும் குற்றச்சாட்டைத் தாண்டிப் போகும் வாசிப்பு அரை வாசிப்பு.

கோவலன் கிளம்பும்போது ஒரு திமில் காளை எதிரே பாய்ந்து வருகிறது. அது கெட்ட சகுனம் என்று ஆயர் குலத்துக்குத் தெரியும், வணிகர் குலத்தில் பிறந்த அவனுக்குத் தெரியாது. தன் நிலமல்லாத நிலத்தில் நடப்பவனின் ஆபத்தை இதைவிடச் சுருக்கமாகச் சொல்ல முடியாது. மாடு பிடிக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்கு இந்த இடத்தை விளக்கவே வேண்டாம்.

அவையில் சிலம்பு உடைவதோடு இந்தக் கணக்கு தீர்ந்துவிடவில்லை. வெகுதூரம் தள்ளி, நீர்ப்படைக் காதையில், மாடலன் போகிற போக்கில் இரண்டு செய்திகளைச் சொல்கிறான். அடைக்கலத்தைக் காக்க முடியவில்லையே என்று மாதரி தீயில் விழுந்தாள். கவுந்தி உண்ணா நோன்பிருந்து உயிரை விட்டார். கூட நடந்து வந்தவர் சோற்றை விட்டார். அடுப்பைக் கொடுத்தவள் நெருப்பில் போனாள். இருவரையும் எந்த அரசனும் விசாரிக்கவில்லை, அவர்களுக்காக யாரும் கோயில் கட்டவில்லை. சில வரிகளில் முடிந்துபோகும் இந்த இரண்டு சாவுகளையும் சேர்த்து வாசித்தால்தான் அந்த ஒரு வேளைச் சோற்றின் விலை நமக்கு முழுதாகத் தெரியும்.