தூரிகையில் கரகரப்பு

லிட்டில் இந்தியாவிலிருந்து ரோச்சோர் பக்கம் சற்று நடந்தால் மெக்னாலி தெருவில் லசால் கலைக் கல்லூரி. வெளியே கறுத்த பாறையாய் நிற்கும் கட்டடம். உள்ளே கண்ணாடிச் சுவர்கள் கோணல்மாணலாகச் சாய்ந்து ஒளியை வாரி இறைக்கும். அங்கே பல ஆண்டுகள் ஓவியம் கற்பித்தவர் இயன் வூ. 1967இல் பிறந்த சிங்கப்பூரர். வாசிக்கும்போதே பிறக்கும் இசையிலிருந்து தன் அரூப ஓவியங்களுக்கு உரம் எடுத்துக்கொண்டவர்.

தமிழ்க் காதுக்கு இது புதிதில்லை. ஆலாபனையில் ஒரு பிடியைத் தொட்டு, விட்டு, வேறு வழியில் அதே ஸ்வரத்துக்குத் திரும்புவார்களே, அந்த மனோதர்மம்தான். வூவின் படத்தில் ஏதோ ஒரு வடிவம் பிடிபட்டுவிட்டது என்று கண் நம்பும் நேரத்தில் அது நழுவிவிடும். எதற்கும் எடையில்லை, எல்லாம் மிதக்கின்றன.

இசையைக் கேட்டுவிட்டு வரைவது பழைய வழக்கம். 1911 ஜனவரியில் மியூனிக் நகரில் இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கின் கச்சேரியைக் கேட்ட ஓவியர் காண்டின்ஸ்கி, பியானோவை ஒரு கறுப்புத் துண்டமாக்கி, அரங்கை மஞ்சளில் மூழ்கடித்தார்.

ராக் இசைக்கு என்ன செய்வது? கித்தாரையும் மின்னலையும் தீட்டினால் அது சுவரொட்டி. ராக்கின் உயிர் ஒலியின் தோலில் இருக்கிறது. ஆம்ப்ளிஃபையர் தாங்கும் அளவுக்கு மேல் கித்தாரின் ஒலியை ஏற்றினால், அலையின் உச்சிகள் வெட்டுப்பட்டுத் தட்டையாகும். புதிய மேற்சுரங்கள் முளைத்து ஒலி கரகரக்கும். அதுதான் டிஸ்டார்ஷன். சாயம் வற்றிய தூரிகையை முரட்டுத் துணியில் அழுத்தி இழுத்தால் கோடு நடுவே பிளந்து, இழை பல்லைக் காட்டும். அந்தக் கோட்டில் கரகரப்பைக் கண்ணாலேயே கேட்கலாம். ஃபீட்பேக்கும் அப்படியே: ஸ்பீக்கரின் ஒலி தந்தியை மறுபடி அதிரவைக்க, அந்த அதிர்வு ஸ்பீக்கருக்கே திரும்பி ஊளையாக வளரும். ஈர நிறத்தைத் துடைத்து, எஞ்சிய கறையிலிருந்தே அடுத்த கோட்டைத் தொடங்கும் ஓவியருக்கும் அதே சுழற்சிதான்.

சிங்கப்பூருக்கு ராக் இரவல் சரக்கல்ல. 1964இல் தி குவெஸ்ட்ஸ் குழுவின் 'ஷான்டி' உள்ளூர்த் தரவரிசையில் பீட்டில்ஸையே கீழே தள்ளியது. 1992இல் இங்குள்ள இந்திய இளைஞர்கள் தொடங்கிய ருத்ரா குழு, டெத் மெட்டலின் உறுமலோடு சமஸ்கிருத மந்திரங்களைச் சேர்த்தது. வரையப்படக் காத்திருக்கும் படம் அந்த இசையில் இருக்கிறது. அடியில் டிரம்ஸ் மூச்சுவிடாமல் கொட்டும் இடத்தில், கறுப்பின் மேல் கறுப்பாக ஏற்றிய நிறம். மந்திரம் எழும் இடத்தில், குறுக்கே ஒரே ஒரு நீண்ட வெளிர்க்கோடு. அந்தக் கோட்டை எங்கே விடுவது என்பதில்தான் ஓவியரின் கை தெரியும்: சட்டத்துக்கு முன்பே நிறுத்தினால் மந்திரம் அறுந்துபோகும், விளிம்பைத் தாண்ட விட்டால், அதிர்வு வெறும் சுவரிலும் ஓடிக்கொண்டிருக்கும்.