பதினாறு கட்டத்தில் ஒரு மீசை

காஞ்சிபுரத்துக்கும் ஜப்பானின் க்யோட்டோவுக்கும் என்ன ஒற்றுமை? இரண்டும் கோயில் ஊர். இரண்டும் பட்டு ஊர். நமக்குப் பிள்ளையார்பாளையம் என்றால் அவர்களுக்கு நிஷிஜின். அந்த க்யோட்டோவில் 1889-ல் சீட்டுக்கட்டு செய்து விற்க ஆரம்பித்த கம்பெனி நிண்டெண்டோ. அதே கம்பெனி 1985-ல் வெளியிட்ட வீடியோ கேம்தான் 'சூப்பர் மரியோ பிரதர்ஸ்'.

தெரியாதவர்கள், வீட்டில் முப்பத்தைந்து, நாற்பது வயதில் இருப்பவர்களைக் கேளுங்கள். தொண்ணூறுகளில் டி.வி.யோடு இணைத்த நகல் பெட்டியும், '9999 இன் 1' என்று கூசாமல் பொய் சொல்லும் காசெட்டும் ஞாபகத்துக்கு வரும். அதே சில கேம்தான் திரும்பத் திரும்ப வரும். அதில் ஒன்று மரியோ.

கதை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. ஆமை ராஜா இளவரசியைத் தூக்கிக்கொண்டு போய்விடுகிறான். தொப்பியும் மீசையுமாக ஒரு குள்ள பிளம்பர் இடமிருந்து வலமாக ஓடுகிறான், குதிக்கிறான். அவ்வளவுதான். இதில் என்ன மயக்கம்?

'பழைய நினைவு சார்' என்பார்கள். ஒப்புக்கொள்ள மாட்டேன். 2023-ல் வந்த 'சூப்பர் மரியோ பிரதர்ஸ் வொண்டர்' அதே தட்டையான, கலர் கலரான, இடம்-வலம் ஓட்டம்தான். இரண்டே வாரத்தில் 43 லட்சம் பிரதிகள் விற்றது. அதை ஆடுகிற பத்து வயசுப் பையனுக்கு ஏது பழைய நினைவு?

பதில் காஞ்சிபுரத்துத் தறியில் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

ஜக்கார்டு தறியில் பட்டுப் புடவைக்கு டிசைன் போடும்போது முதலில் கிராஃப் பேப்பரில் கட்டம் கட்டமாக நிரப்புவார்கள். ஒரு கட்டம் என்பது பாவும் ஊடையும் சந்திக்கிற ஒரு புள்ளி. அதைப் பார்த்து அட்டையில் துளை போடுவார்கள். துளை இருந்தால் இழை தூக்கும், இல்லாவிட்டால் இல்லை. வளைவு என்பதே இதில் கிடையாது. மயிலின் கழுத்து கிட்டே போய்ப் பார்த்தால் படிக்கட்டு. நாலடி தள்ளி நின்றால் மயில்.

மரியோவும் அப்படித்தான். 16-க்கு 16 கட்டம், மூன்றே நிறம். அவனை உருவாக்கிய ஷிகெரு மியாமோட்டோ காரணங்களைச் சொல்லியிருக்கிறார். அத்தனை குறைந்த கட்டத்தில் வாய் வரைய முடியவில்லை, மீசை வைத்தார். தலைமுடி கஷ்டம், தொப்பி போட்டார். கை அசைவது தெரிய வேண்டும், அதற்காக உடுப்பில் இரண்டு நிறம். உலகப் புகழ் பெற்ற அந்த முகமே ஒரு பற்றாக்குறையில் பிறந்தது. அந்த கேமில் மேகமும் புதரும் ஒரே படம். வெள்ளை அடித்தால் மேகம், பச்சை அடித்தால் புதர்! மொத்த கேமும் 40 கிலோபைட். காலையில் உங்களுக்கு வருகிற 'குட்மார்னிங்' ரோஜாப்பூ இதைவிடப் பெரிசு.

நிறத்துக்கும் அங்கே வேலை இருக்கிறது. செங்கல்லில் ஏறலாம், மஞ்சள் பெட்டியை முட்டலாம், பச்சைக் குழாயில் சில சமயம் உள்ளே இறங்கலாம். எது தரை, எது வெறும் பின்னணி என்ற குழப்பமே வராது. கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை அதற்கு நேர் எதிர் நிறம். மூன்று நாடா ஓட்டி இரண்டையும் மெனக்கெட்டுக் கோர்ப்பது எதற்கு? எது எங்கே முடிகிறது என்று கல்யாண மண்டபத்தின் கடைசி வரிசைக்கும் தெரிய வேண்டும்.

இன்னொரு விஷயம், நேர்மை. முதல் திரையிலேயே ஒரு எதிரி மெதுவாக வருகிறான். குதிக்கத் தெரியாவிட்டால் செத்தீர்கள். புத்தகம் படிக்காமலே முதல் பாடம் முடிந்தது. பட்டனை விடாமல் அழுத்தினால் உயரமாகக் குதிப்பான், லேசாகத் தட்டினால் கொஞ்சமாக. பள்ளத்தில் விழுந்தால் தப்பு உங்களுடையது. அடுத்த தடவை தாண்டினால் பெருமையும் உங்களுடையது. இன்று போனில் 'இலவசமாக' வரும் பல கேம்களில் சரியான நேரத்தில் ஆட்டத்தை நிறுத்தி, 'விளம்பரம் பார்க்கிறாயா, காசு கொடுக்கிறாயா?' என்று குழந்தையைக் கேட்கிறார்கள். அங்கே திறமை வளர்வதில்லை, அப்பாவின் பில்தான் வளர்கிறது.

1985 மரியோவில் குறை இல்லாமல் இல்லை. திரை ஒரு முறை நகர்ந்தால் இடப்பக்கம் திரும்பிப் போக முடியாது. இளவரசி கடைசி வரை சும்மா காத்திருக்கிறாள், பாவம். 2023-ல் அவளாகவும் ஆடலாம்.

இப்போது கேம் செய்கிறவருக்கும் புடவை டிசைன் போடுகிறவருக்கும் கம்ப்யூட்டரில் கோடிக்கணக்கில் நிறங்கள் கிடைக்கின்றன. இருப்பதையெல்லாம் போட்டு ரொப்பிய கேம்களையும் பார்க்கிறேன், புடவைகளையும் பார்க்கிறேன். கண் எங்கே நிற்பது என்று தெரியாமல் தவிக்கிறது.

டொரன்டோவில் உருவான 'வெண்பா' என்ற கேம், 2023-ல் ஒரு தமிழ்க் குடும்பத்தின் சமையலறையைத் தட்டைப் படங்களிலேயே காட்டி, அடுத்த வருஷம் பாஃப்டா விருது வாங்கியது. இட்லிக்கே இவ்வளவு மரியாதை என்றால், காஞ்சிபுரத்து கிராஃப் தாள்களில் யாளியும் அன்னமும் இருதலைப் பட்சியும் கட்டம் கட்டமாகத் தயாராக இருக்கின்றன. குதிக்க வைக்க ஒரு ஆள்தான் பாக்கி.