நடுவில் ஒரு கண்ணாடி

1960இல் கெடிலாக் நிறுவனம் தன் ஃப்ளீட்வுட் 75 வரிசையில் இரண்டு வண்டிகளை விற்றது. இரண்டுக்கும் ஒரே உடல், 20 அடிக்கு மேல் நீளம், ஒரே 6.4 லிட்டர் வி-8 எஞ்சின், ஒன்பது பேர் உட்கார இடம். ஒன்றின் பெயர் செடான், மற்றதன் பெயர் லிமோசின். இரண்டையும் பிரித்தது ஓட்டுநருக்கும் பின்னால் உட்காருபவருக்கும் நடுவே ஏறி இறங்கும் ஒரு கண்ணாடித் தடுப்பு. லிமோசினில் முன்னிருக்கைக்குத் தோல், பின்னிருக்கைக்கு மென்துணி என்பதும் பழைய வழக்கம். குதிரை வண்டிக்காரன் வெயிலிலும் மழையிலும் திறந்தவெளியில் உட்கார்ந்த காலத்தின் எச்சம் அது. நனைந்தால் துடைத்துக்கொள்ளலாம் என்பதற்காக அவனுக்குத் தோல். ராக் இசைக்கும் அமெரிக்க லிமோசினுக்கும் உள்ள உறவைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் பணத்தைப் பற்றியே எழுதுகிறார்கள்: ஏழைப் பையன் பாடினான், பணம் வந்தது, நீளமான கார் வாங்கினான். அந்தக் கதையில் பொய் இல்லை, ஆனால் அதற்கு லிமோசின் தேவையில்லை. எந்த விலையுயர்ந்த காரும் போதும். லிமோசினை லிமோசின் ஆக்குவது அந்தக் கண்ணாடி. ராக் இசை தன்னைப் பற்றித் தனக்கே சொல்லிக்கொண்ட கதையில் முக்கியமானதும் அந்தக் கண்ணாடிதான் என்பது என் கட்சி.

ராக் அண்ட் ரோல் பிறந்தபோது ஸ்டியரிங் பாடகன் கையில் இருந்தது. அந்த இசையின் முதல் இசைத்தட்டு எது என்ற தீராத வழக்கில் தவறாமல் அடிபடும் பெயர் 1951இல் மெம்ஃபிஸில் பதிவான 'ராக்கெட் 88'. அது ஓல்ட்ஸ்மொபீல் கார் ஒன்றின் பெயர். 1955இல் சக் பெர்ரியின் 'மேபெலின்' ஒரு ஃபோர்டுக்கும் ஒரு கெடிலாக்குக்கும் நடக்கும் துரத்தல். அதில் கதைசொல்லி ஃபோர்டை ஓட்டுகிறான். கெடிலாக்கில் போவது அவனை ஏமாற்றிய பெண். ஆக, அந்தச் சொகுசுக் கார் இந்த இசைக்குள் முதலில் நுழைந்தது துரத்திப் பிடிக்கவேண்டிய பொருளாகத்தான். எல்விஸ் பிரெஸ்லி அதைப் பிடித்தார். அவருடைய புகழ்பெற்ற 1955ஆம் ஆண்டு இளஞ்சிவப்பு ஃப்ளீட்வுட்டைத் தாய் கிளாடிஸுக்குக் கொடுத்தார்; தாயிடம் ஓட்டுநர் உரிமம் இல்லை. ஓட்டத் தெரியாதவருக்குக் கார் என்பது பலரும் சிரித்துக்கொண்டே சொல்லும் செய்தி. எனக்கு அதில் வேறொரு தொடக்கம் தெரிகிறது. காருக்குச் சொந்தமாக இருப்பதும் காரை ஓட்டுவதும் அந்த வீட்டு வாசலில் தனித்தனியாகப் பிரிந்துவிட்டன.

ஐந்தே ஆண்டில் அந்தப் பிரிவு முழுமையடைந்தது. எல்விஸின் 1960ஆம் ஆண்டு 75 வரிசை லிமோசினை ஹாலிவுட்டின் கார் அலங்காரக் கலைஞர் ஜார்ஜ் பாரிஸ் மாற்றியமைத்தார். வெளியே முத்துப்போல் மின்னும் வெள்ளைப் பூச்சு, உள்ளே தங்க முலாம் பூசிய தொலைக்காட்சி, இசைத்தட்டு இயந்திரம், தொலைபேசி, மதுப்பெட்டி, காலணி துடைக்கும் கருவி, கூரையில் தங்க இசைத்தட்டுகள். இதுவரை சாதாரண ஆடம்பரம். பிறகு நடந்ததுதான் விநோதம். 1961 மார்ச்சுக்குப் பின் எல்விஸ் மேடையேறுவதை நிறுத்தி, ஏழெட்டு ஆண்டுகள் படங்களில் நடித்துக்கொண்டிருந்தார். அந்த இடைவெளியில் இந்தக் கார் அவருக்குப் பதிலாக ஊர் ஊராகச் சுற்றுப்பயணம் போனது. மக்கள் வரிசையில் நின்று பாடகன் இல்லாத பின்னிருக்கையை எட்டிப் பார்த்தார்கள். உற்சவர் வராத நாளில் தேரை மட்டும் இழுத்துவந்து நிறுத்தியதுபோல. மேலாளர் கர்னல் டாம் பார்க்கருக்கு அது மலிவான விளம்பரம் என்பதில் ஐயமில்லை. ஆனால் விளம்பரம் பலித்ததற்கு ஒரு காரணம் இருக்கவேண்டும். நட்சத்திரம் என்றால் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருப்பவர் என்று ரசிகர்கள் அதற்குள் பழகிவிட்டார்கள். அந்தப்பக்கம் காலியாக இருந்தாலும் பார்க்கத் தயாராகிவிட்டார்கள். அந்தக் கார் இன்று நாஷ்வில்லில் உள்ள கன்ட்ரி மியூசிக் அருங்காட்சியகத்தில் அதே வேலையைச் செய்துகொண்டிருக்கிறது.

கண்ணாடிக்கு உள்ளே கேமரா நுழைந்தது 1964 பிப்ரவரியில். நியூயார்க்கில் வந்திறங்கிய பீட்டில்ஸை விமான நிலையத்திலிருந்து பிளாசா ஹோட்டலுக்கு லிமோசின்கள் ஏற்றிச் சென்றன. ஆவணப்படக்காரர்களான மேசில்ஸ் சகோதரர்கள் கையில் பிடித்த கேமராவோடு காருக்குள்ளேயே ஏறிக்கொண்டார்கள். பால் மெக்கார்ட்னி ஒரு சிறு டிரான்சிஸ்டரைக் காதில் வைத்து, தாங்கள் வந்திறங்கிய செய்தியைக் கேட்டுக்கொண்டிருக்கிறார். வெளியே அதே செய்தி முகங்களாகவும் கைகளாகவும் சன்னலில் மோதுகிறது. ராக் ஆவணப்படம் தனக்கான அறையைக் கண்டுபிடித்தது இங்கேதான் என்று நினைக்கிறேன். மேடை தூரமானது, ஹோட்டல் அறைக்குக் கதவு உண்டு. ஆனால் நகரும் கூட்டத்தையும் அதற்குள் சிக்கிய ஆளையும் ஒரே சட்டத்துக்குள் அடக்க லிமோசினின் பின்னிருக்கையைவிட நல்ல இடம் கிடையாது. பத்தாண்டு கழித்து பிபிசிக்காக ஆலன் யென்டாப் எடுத்த 'கிராக்ட் ஆக்டர்' படத்தில் டேவிட் போவி அதே இடத்தில் உட்கார்ந்திருக்கிறார், எலும்பும் தோலுமாக, பால் அட்டைப்பெட்டியிலிருந்து குடித்தபடி. வெளியே கலிபோர்னியா ஓடுகிறது. பீட்டில்ஸின் சன்னலில் கைகள் இருந்தன. போவியின் சன்னலில் வெறும் வெயில். கூட்டத்திடமிருந்து காக்க வந்த கண்ணாடி, கூட்டமே இல்லாத இடத்திலும் அப்படியே இருக்கிறது. இந்தப் படத்தைப் பார்த்துத்தான் இயக்குநர் நிக்கலஸ் ரோக், பூமிக்கு வந்து சிக்கிக்கொண்ட வேற்றுக்கிரகவாசியாக நடிக்க போவியைத் தேர்ந்தெடுத்தார். 'தி மேன் ஹூ ஃபெல் டு எர்த்' 1976இல் வந்தது. அதில் அவருக்குக் கார் ஓட்டுபவராக நடித்தவர் நிஜத்திலும் அவருக்குக் கார் ஓட்டிய டோனி மாசியா.

இதெல்லாம் வீண் தத்துவம், லிமோசின் என்பது பகட்டு, அவ்வளவுதான் என்று ஒருவர் சொல்லலாம். பகட்டுக்கு ராக் உலகம் வேறு கார்களை வைத்திருந்தது என்பதே என் பதில். ஜான் லெனன் 1967இல் மஞ்சள் பூசி, பூவும் கொடியும் வரையச் செய்த ரோல்ஸ் ராய்ஸ் ஃபேன்டம் 5 அவருடைய சொந்தக் கார். நிறத்தைப் பார்த்தாலே உள்ளே யாரென்று ஊருக்குத் தெரியும். அமெரிக்க லிமோசின் பெரும்பாலும் வாடகைக்கு வந்தது, கறுப்பாக, யாருடையது என்று அடையாளமில்லாமல். நேற்று அதில் மேயர் போயிருப்பார், நாளை ஒரு மணப்பெண் போவாள். சிகாகோவில் லேமன்-பீட்டர்சன் பட்டறை லிங்கன் கான்டினென்டலை வெட்டி நீட்டிச் செய்த லிமோசின்களில் ஒன்று 1965இல் போப் ஆறாம் பவுலை நியூயார்க் தெருக்களில் சுமந்தது. பிறகு நிலவிலிருந்து திரும்பிய விண்வெளி வீரர்களையும் ஊர்வலமாக ஏற்றிச் சென்றது. இந்த வண்டிகளின் நிரந்தர வாடிக்கையாளர்களில் ஒருவர் சவ அடக்கம் நடத்துபவர். கெடிலாக் தனியாகத் தயாரித்து விற்ற நீண்ட அடிச்சட்டத்தின்மேல்தான் மில்லர்-மீட்டியோர், சுப்பீரியர் போன்ற பட்டறைகள் அமரர் ஊர்திகளையும் ஆம்புலன்ஸ்களையும் கட்டின. முன்னால் அமரர் ஊர்தி, பின்னால் துக்க வீட்டாருக்கு லிமோசின், இரண்டும் அண்ணன் தம்பி. பகட்டுக்காக மட்டும் ஒருவர் ஏறும் வண்டியல்ல இது. பதவியோ மரணமோ ஏற்றிவிடும் வண்டி.

ராக் இசைக்காரர்களுக்கு இந்த உறவு நன்றாகவே தெரிந்திருந்தது. நீல் யங் தொடக்க நாட்களில் தன் குழுவையும் கருவிகளையும் 1948ஆம் ஆண்டு ப்யூக் அமரர் ஊர்தியில்தான் ஏற்றிக்கொண்டு கனடாவில் அலைந்தார்; பெட்டி வழுக்கி ஏற வைத்த உருளைகளில் ஆம்ப்ளிஃபயர்கள் சுலபமாக ஏறி இறங்கின. அது பழுதாகிக் கைவிடப்பட்ட பின், 1966இல் லாஸ் ஏஞ்சலஸ் நெரிசலில் அவர் ஓட்டிய இன்னொரு அமரர் ஊர்தியை ஸ்டீபன் ஸ்டில்ஸ் அடையாளம் கண்டதால் பிறந்தது பஃபலோ ஸ்பிரிங்ஃபீல்ட் குழு. எல்விஸின் இறுதி ஊர்வலம் 1977 ஆகஸ்டில் வெள்ளை கெடிலாக்குகளின் வரிசையாகவே போனது. அரீதா ஃப்ராங்க்ளினை 2018இல் டெட்ராய்ட்டில் சுமந்தது 1940ஆம் ஆண்டு லசால் ஊர்தி, கெடிலாக்கின் துணைப்பெயரில் வந்த வண்டி. அவருடைய தந்தையையும் ரோசா பார்க்ஸையும் முன்பு சுமந்ததும் அதுவே.

இதைவிடக் கனமான மறுப்பு ஒன்று உண்டு. கெடிலாக்கின் பொருள் எல்லாருக்கும் ஒன்றாக இருந்ததில்லை. 1930களின் தொடக்கம்வரை கறுப்பர்களுக்கு விற்பதில்லை என்பது அந்த நிறுவனத்தின் கொள்கை என்றும், வசதியுள்ள கறுப்பர்கள் ஒரு வெள்ளையருக்குக் கூலி கொடுத்து அவர் பெயரில் வாங்கினார்கள் என்றும், நிக்கலஸ் டிரைஸ்டாட் என்ற அதிகாரிதான் அதை மாற்ற வைத்தார் என்றும் மேலாண்மை எழுத்தாளர் பீட்டர் டிரக்கர் தன் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். 1949இல் கறுப்பர்களின் 'எபனி' இதழ் கறுப்பர்கள் ஏன் கெடிலாக் வாங்குகிறார்கள் என்று தலையங்கமே தீட்டியது: வெள்ளையனுக்கு நான் எதிலும் குறைந்தவனல்ல என்று சொல்லும் கருவி அது. இந்தப் பார்வையில், நட்சத்திரம் பின்னிருக்கைக்குப் போய்க் கூட்டத்தைவிட்டு விலகினான் என்று புலம்புவது, எந்த இருக்கையும் மறுக்கப்படாதவர்களின் புலம்பல். இதை நான் ஒப்புக்கொள்கிறேன். எந்த நகரத்திலும் எந்த விடுதியும் கதவைச் சாத்தலாம் என்ற நிலையில் சுற்றுப்பயணம் போனவருக்குக் கண்ணாடி ஏற்றிய கார் ஒரு கூரை. ஆனாலும் ஒன்றைக் கவனிக்கவேண்டும். கறுப்பு இசைக்காரர்களின் புகழ்பெற்ற கெடிலாக்குகள் பெரும்பாலும் சொந்தக் கார்கள், சொந்தக் கையால் ஓட்டியவை. 1986இல் செயின்ட் லூயிஸ் நகரின் ஃபாக்ஸ் அரங்கில், சிறுவயதில் நிறத்தைக் காட்டித் தனக்கு நுழைவு மறுத்த அதே அரங்கில், சக் பெர்ரியின் 1973 எல்டொராடோ மேடைமீதே ஏறியது. அவருக்கு மேடைக்கும் தெருவுக்கும் நடுவில் கண்ணாடி வேண்டியிருக்கவில்லை. அரங்கின் சுவர்தான் போகவேண்டியிருந்தது. அந்தக் கார் இப்போது வாஷிங்டனில், ஸ்மித்சோனியனின் ஆப்பிரிக்க அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்தில்.

ராக் இசையின் உண்மையான வாகனம் பேருந்தும் வேனும்தான், லிமோசின் கம்பெனிக்காரன் அனுப்பிய துரோகம் என்ற வாதத்துக்கு எனக்கு அவ்வளவு மரியாதை இல்லை. துரோகம் என்று முதலில் சொன்னதே பின்னிருக்கையில் உட்கார்ந்தவர்கள்தான். ஜோனி மிட்செலின் 1970ஆம் ஆண்டுப் பாடல் 'ஃபார் ஃப்ரீ', காரில் அரங்குக்குப் போய்வரும் பாடகி தெருமுனையில் காசில்லாமல் கிளாரினெட் வாசிப்பவனைப் பார்த்துக் கூசுவதைப் பற்றியது. ஜோ வால்ஷின் 1978ஆம் ஆண்டு 'லைஃப்ஸ் பீன் குட்' அதே கூச்சத்தைக் கேலியாக்கிவிட்டது. 'தி ஹூ' குழுவின் டிரம்மர் கீத் மூன் 1967இல் தன் பிறந்தநாளில் ஒரு லிங்கன் கான்டினென்டலை ஹோட்டல் நீச்சல்குளத்துக்குள் இறக்கினார் என்ற கதை இன்னொரு வகை. கார் லிங்கனா ரோல்ஸ் ராய்ஸா என்பதிலேயே கதைகள் ஒத்துப்போவதில்லை. நடக்கவே இல்லை என்பாரும் உண்டு. நடந்ததோ இல்லையோ, ஏற்றிச் செல்லப்படுபவன் ஒரு தடவையாவது ஸ்டியரிங்கைப் பிடித்து எங்காவது மோதவேண்டும் என்று எல்லாருக்கும் ஆசை இருந்ததால்தான் அது சாகாமல் இருக்கிறது. எல்லாவற்றையும்விடக் கூர்மையாக இதைப் பார்த்தது 1984இன் நகைச்சுவைப் படம் 'திஸ் இஸ் ஸ்பைனல் டாப்'. லிமோசின் ஓட்டுநர் சினாட்ராவின் ரசிகர். ராக் எல்லாம் நாலுநாள் கூத்து என்று அவர் தன் போக்கில் பேசிக்கொண்டே போக, பின்னால் இருக்கும் குழுவினர் பொத்தானை அழுத்திக் கண்ணாடியை ஏற்றிவிடுகிறார்கள். கூட்டத்துக்கு எதிராக அல்ல, தங்களைப் பிடிக்காத ஒரே ஒரு கேட்பாளருக்கு எதிராக.

கெடிலாக்கின் 1976ஆம் ஆண்டு 75 வரிசை 21 அடி நீளம். பெட்ரோல் நெருக்கடிக்குப் பின் 1977இல் அது சுருங்கியது. 1987க்குப் பின் அந்த வரிசையே இல்லை. இன்று நட்சத்திரங்கள் போகும் கறுப்பு எஸ்யூவிகளில் நடுத்தடுப்பு அரிது. இருள் முழுவதும் பக்கச் சன்னல்களுக்குப் போய்விட்டது. இந்த வரலாற்றில் முன்னிருக்கைக்காரனின் சாட்சியம் மிகக் குறைவு. இருப்பதில் முக்கியமானது ராக்குக்கு வெளியே, கன்ட்ரி பாடகர் ஹாங்க் வில்லியம்ஸின் ஓட்டுநருடையது. 1953 புத்தாண்டு நாளில் ஒஹாயோ மாநிலத்தின் கேன்டன் நகரில் அவருக்குக் கச்சேரி. பனியால் விமானம் இல்லை. ஒரு கல்லூரி மாணவர் கூலிக்கு ஓட்ட, 1952ஆம் ஆண்டு நீல கெடிலாக்கின் பின்னிருக்கையில் அவர் போர்த்திப் படுத்திருந்தார். மேற்கு வர்ஜீனியாவின் ஓக் ஹில் ஊர்ப்பக்கம் வண்டியை நிறுத்தித் தொட்டுப் பார்த்தபோது உடல் குளிர்ந்திருந்தது. எவ்வளவு தூரம் முன்பு உயிர் போனது என்று ஓட்டியவருக்குத் தெரியவில்லை. அந்தக் காரில் கண்ணாடித் தடுப்பு கிடையாது.