கரண்டியில் நட்சத்திரங்கள்
இத்தாலிய மொழியில் ‘பாஸ்தீனா’ என்றால் குட்டிப் பாஸ்தா. மிளகளவில் ‘ஆச்சினி தி பேப்பே’, நட்சத்திரமாக ‘ஸ்டெல்லீனே’. முள்கரண்டிக்குச் சிக்காது, ஸ்பூன்தான். பால்குடி மறக்கும் பிள்ளைக்கும் காய்ச்சலில் கிடப்பவருக்கும் இத்தாலியில் வீட்டு ஆகாரம் இதுதான். கோழியும் கேரட்டும் செலரியும் கொதித்த சாற்றில் போட்டால் சில நிமிடங்களில் வெந்துவிடும். மேலே வெண்ணெய், துருவிய பார்மிஜானோ சீஸ். துருவ முடியாத சீஸ் தோலையும் எறியாமல் சாற்றிலேயே கொதிக்க விடுவார்கள். எனக்கு அந்தச் சிக்கனம்தான் பாதி ருசி. ஆறவிட்டால் சாற்றையெல்லாம் குடித்துக் கூழாகிவிடும். (அதற்கும் ரசிகர்கள் உண்டு.) 2023 ஜனவரியில் ரொன்சோனி என்ற பாஸ்தா நிறுவனம் நட்சத்திரப் பாஸ்தீனாவை நிறுத்துவதாக அறிவித்தபோது, அமெரிக்காவின் இத்தாலிய வம்சாவளி வீடுகளில் இழவு விழுந்த மாதிரி இருந்தது. மனுவெல்லாம் போட்டுப் பார்த்தார்கள்.