சாட்சி கூறும் கோடுகள்: ஜோ ஸாக்கோவின் ஃபலஸ்தீன வரைகதைகள்

சித்திரக்கதை என்றதும் நம்மில் பலரின் நினைவுக்கு வருவது, 1972இல் சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் கொண்டுவந்த இரும்புக்கை மாயாவியும், பிற்காலத்தில் லயன் காமிக்ஸ் வழியே நமக்குப் பழக்கமான டெக்ஸ் வில்லருமே. பாடநூலுக்குள் மறைத்துவைத்துப் படித்து, பிடிபட்டு, வாப்பாவிடம் வசை வாங்கிய அனுபவம் பலருக்கும் இருக்கும். பிள்ளைகளின் பொழுதுபோக்கு, அதிலும் வீணான பொழுதுபோக்கு என்பதே பெரியவர்களின் தீர்ப்பு. ஜெரூஸலத்தில் பிறந்து கெய்ரோவில் வளர்ந்த எட்வர்ட் ஸயீதின் வீட்டிலும் இதே தீர்ப்புதான் இருந்திருக்கிறது. வரைகதை நூல் ஒன்றுக்கு 2001இல் எழுதிய முன்னுரையில் அவர் அதை நினைவுகூர்கிறார். அந்த நூல் ஜோ ஸாக்கோவின் 'பாலஸ்டைன்'.

மாயாவிகள் இல்லாத, சாகச வீரர்கள் எவரும் வந்து காப்பாற்றாத வரைகதைகளில் நாம் திரும்பத் திரும்ப எடுத்துப் படிப்பவை ஸாக்கோவின் நூல்கள். அவற்றை ஃபலஸ்தீன ஆதரவு நூல்கள் என்று மட்டும் பாராட்டி வைத்துவிடுவது நம்மிடையே வழக்கமாகிவிட்டது. ஆதரவு நூல்கள் நம்மிடம் ஏராளம் உண்டு. அவற்றுள் பல ஒருமுறை படித்தால் போதுமானவை. ஸாக்கோவிடம் இருப்பது ஆதரவைக் காட்டிலும் அரியதொன்று. பிறர் சொல்வதைக் கேட்டு, அதை எடைபோட்டு, இன்னார் சொன்னது என்ற பெயரோடு பதிவுசெய்யும் ஒழுக்கம் அது. அவ்வொழுக்கம் நமது அறிவு மரபுக்கு அயலானதன்று என்பதே இக்கட்டுரையில் நாம் சொல்ல விழைவது.

ஸாக்கோ 1960இல் மால்டா தீவில் பிறந்தவர்; ஆஸ்திரேலியாவில் சிறு வயதைக் கழித்து, அமெரிக்காவில் இதழியல் பயின்றவர். முதல் இன்திஃபாதா நடந்துகொண்டிருந்த 1991-92 குளிர்காலத்தில் மேற்குக் கரையிலும் காஸாவிலும் ஏறக்குறைய இரண்டு மாதங்கள் சுற்றினார். அங்குக் கண்டதும் கேட்டதும் 1993 முதல் 1995 வரை ஒன்பது சிறு இதழ்களாக வெளிவந்து, பின்னர் ஒரே நூலாயின. 1996இல் அந்நூலுக்கு அமெரிக்கப் புத்தக விருது கிடைத்தது.

அந்நூலில் பரபரப்பான சம்பவங்கள் குறைவு. மழை பெய்துகொண்டே இருக்கிறது. அகதி முகாம்களின் தெருக்களில் சேறு. ஒவ்வொரு வீட்டிலும் தேநீர் வருகிறது. தேநீரோடு ஒரு கதையும் வருகிறது. சிறையிலிருந்த கதை, மகனை இழந்த கதை, படைவீரர்கள் பார்த்து நிற்கத் தம் ஒலிவ மரங்களைத் தாமே வெட்டிச் சாய்க்க நேர்ந்த விவசாயியின் கதை. கேட்டுக் கேட்டு வரைபவரே அலுத்துப்போகிறார்; அந்த அலுப்பையும் மறைக்காமல் வரைகிறார். இன்னும் கொடூரமான கதை ஏதும் கிடைக்குமா என்று தம் மனம் அலைவதையும் ஒப்புக்கொள்கிறார். துயரத்தைத் தேடிச் செல்லும் செய்தியாளர்கள் பலரும் வெளியே சொல்லாத உண்மை இது.

விசாரணைக்காகக் கொண்டுசெல்லப்பட்ட ஒருவரின் அனுபவத்தைக் கூறும் அத்தியாயத்தை வரைகதைக் கலை அறிய விரும்புவோர் அவசியம் பார்க்க வேண்டும். தொடக்கத்தில் பக்கத்திற்குச் சில கட்டங்களே உள்ளன, அவை பெரியவையும்கூட. தலையில் சாக்குப் பையை மாட்டி, கைகளைப் பிணைத்து, உறங்கவிடாமல் அவரை வைத்திருக்கும் நாள்கள் நீள நீளக் கட்டங்கள் சிறுத்துக்கொண்டே வருகின்றன. முடிவில் ஒரே பக்கத்தில் ஏறத்தாழ 20 சிறு கட்டங்கள் அறைகள்போல் நெருங்கி நிற்கின்றன. தம் குடும்பத்தினர் இறந்து கிடப்பதாக அவருக்குத் தோன்றும் மாயத்தோற்றங்களும் அச்சிறு கட்டங்களுக்குள்ளேதான் வருகின்றன. விடுதலையான பிறகே பக்கம் மீண்டும் விரிகிறது; தெருவில் மக்கள் தத்தம் வேலையைப் பார்த்துக்கொண்டு நடக்கிறார்கள். சித்திரவதை குறித்து நீண்ட அறிக்கைகளை நாம் வாசித்திருக்கிறோம். மூச்சு முட்டுவதைக் காகிதத்தின் மேல் இப்படி உணர்ந்ததில்லை.

இந்நூலில் நமக்கு உடன்பாடில்லாத ஒன்றும் உண்டு. தொடக்கப் பக்கங்களில் முகங்கள் கோரமாக வரையப்பட்டுள்ளன. துருத்திய பற்கள், தடித்த உதடுகள், கீழிருந்து அண்ணாந்து பார்க்கும் கோணங்கள். அறுபதுகளின் அமெரிக்கத் தலைமறைவுச் சித்திரக்கதைகளிலிருந்து அவர் பெற்ற பழக்கம் இது. ஆனால் அரபு முகத்தைக் கோரமாக வரைவதற்கு மேற்கில் ஒரு நீண்ட வரலாறு உண்டு. தம்மையே எல்லாரிலும் கேலிக்குரியவராக, கண்கள் தெரியாத வெற்றுக் கண்ணாடியுடன் வரைந்திருக்கிறாரே என்று அவருக்காக வாதிடுவோர் உளர். அந்த வாதம் நமக்குப் போதுமானதாகத் தோன்றவில்லை. தன்னைக் கேலி செய்துகொள்ளும் உரிமை ஒருவருக்கு இருக்கலாம். அவ்வுரிமை பிறர் முகத்துக்கும் நீளாது. ஸாக்கோவே இதை உணர்ந்திருக்க வேண்டும். நூல் செல்லச் செல்லக் கோடுகள் நிதானமடைகின்றன; அடுத்து வந்த பெருநூலில் அக்கோரம் ஏறக்குறைய மறைந்தே போயிற்று.

அந்தப் பெருநூல் 2009இல் வெளிவந்த 'ஃபுட்நோட்ஸ் இன் காஸா'. 'காஸாவின் அடிக்குறிப்புகள்' என்று தமிழில் சொல்லலாம். 1956 நவம்பரில், சூயஸ் போரின்போது இஸ்ரேலியப் படை காஸாவைக் கைப்பற்றியது. நவம்பர் 3ஆம் நாள் கான் யூனிஸிலும் 12ஆம் நாள் ரஃபாஹ்விலும் பெருந்தொகையான ஆண்கள் சுட்டுக் கொல்லப்பட்டனர். ஃபலஸ்தீன அகதிகளுக்கான ஐ.நா. நிறுவனத்தின் இயக்குநர் பொதுச்சபைக்கு அளித்த அறிக்கை, கான் யூனிஸில் 275 பேரும் ரஃபாஹ்வில் 111 பேரும் கொல்லப்பட்டதாகக் கணக்கிடுகிறது. எதிர்ப்பு இருந்ததால் சுட்டோம் என்றது இஸ்ரேலியத் தரப்பு. எதிர்ப்பெல்லாம் ஓய்ந்த பின்னரே சுட்டார்கள் என்றனர் அகதிகள். இவ்விரு கூற்றுகளும் அவ்வறிக்கையில் அருகருகே சில வரிகளாக இடம்பெற்று, பிறகு மறக்கப்பட்டுவிட்டன. நோம் சோம்ஸ்கியின் நூலொன்றில் இதுபற்றிய குறிப்பைப் படித்திருந்த ஸாக்கோ, 2001இல் அமெரிக்க இதழ் ஒன்றுக்காகச் செய்தியாளர் கிறிஸ் ஹெட்ஜஸுடன் கான் யூனிஸ் சென்றபோது முதியவர்களிடம் அதுபற்றி விசாரித்தார். கட்டுரை அச்சேறியபோது 1956 பற்றிய பகுதி நீக்கப்பட்டிருந்தது. நீக்கப்பட்ட அச்சில வரிகளுக்காக அவர் மீண்டும் காஸா சென்று, கேட்டு, வரைந்து முடித்தது 400 பக்கங்களுக்கு மேற்பட்ட நூலாயிற்று.

இந்நூலின் அமைப்பைக் கவனிக்கும்போது நமக்கு ஹதீஸ் கலையின் நினைவு வருவதைத் தவிர்க்க முடியவில்லை. இரண்டையும் சமமாக வைக்கிறோம் என்று எவரும் கருதிவிட வேண்டாம். நாம் சுட்டுவது முறைமையில் உள்ள ஒப்புமையை மட்டுமே. ஒவ்வொரு செய்திக்கும் அறிவிப்பாளர் இன்னார் என்ற குறிப்பு இருக்கிறது. ஒவ்வோர் அறிவிப்பாளரின் முகமும் தனிக் கட்டத்தில் பெயருடன் வரையப்பட்டிருக்கிறது. சுருக்கம் விழுந்த முகங்கள். முக்காட்டைச் சரிசெய்தபடி பேசும் மூதாட்டிகள். அவர் சொன்னது அடுத்த கட்டத்தில் காட்சியாக விரிகிறது. அவர் நேரில் கண்டாரா, கேள்விப்பட்டாரா, அப்போது அவருக்கு என்ன வயது, மற்றவர் கூற்றோடு அது ஒத்துப்போகிறதா என்ற கேள்விகள் இடைவிடாது எழுப்பப்படுகின்றன. அறிவிப்பாளரை ஆராயாமல் செய்தியை ஏற்காத மரபில் வந்த நமக்கு இந்தக் கண்டிப்பு எவ்வளவு பெரிய மரியாதை என்பது புரியும்.

ஒப்புமை ஓரிடத்தில் முறிகிறது. நூலின் ஆழமான பகுதியும் அதுவே. ஒரு முதியவர், தம் சகோதரர்கள் கொல்லப்பட்டபோது தாம் உடனிருந்ததாக மனமுருகிக் கூறுகிறார். அதே நிகழ்வில் உயிர் தப்பிய உறவினரும், கணவரை இழந்த பெண்ணும் அவர் அங்கிருக்கவில்லை என்கின்றனர். முஹத்திஸ் ஒருவர் இத்தகைய அறிவிப்பைப் பலவீனமானது என்று ஒதுக்கிவிடுவார். அவரது பணி அதையே கோருகிறது. ஸாக்கோ ஒதுக்கவில்லை. அம்முதியவர் சொன்னபடியே முதலில் வரைந்து காட்டிவிட்டு, பிறகு முரணையும் நம்முன் வைக்கிறார். சகோதரர்கள் கொல்லப்பட்டார்கள் என்பதில் ஐயமில்லை. அந்த இடத்தில் தாமும் இருந்ததாக அரை நூற்றாண்டாக நம்பி வாழ்ந்த மனிதரின் நினைவு எப்படி உருவாயிற்று என்பது வாசகரிடம் விடப்படுகிறது. எதிரிக்கு வாதம் எடுத்துக் கொடுத்துவிட்டாரே என்று நம் நண்பர்கள் சிலர் இதற்காக வருந்துவதுண்டு. நாம் அவ்வாறு கருதவில்லை. ஐயத்திற்குரியதை ஐயத்திற்குரியது என்று சொன்னவர், மற்றவற்றை உறுதியாகச் சொல்லும்போது நம்பகம் பெறுகிறார். பள்ளிக்கூட வாயிலில் ஆண்கள் ஓடி நுழையும்போது தலையில் தடியால் அடிக்கப்பட்டதை ஒருவருக்குப் பின் ஒருவராகப் பலர் சொல்கின்றனர். ஒவ்வொரு முறையும் அந்தத் தடி வரையப்படுகிறது.

படக்கருவி அங்கே இல்லாதிருந்த இடத்தில்தான் வரைகோல் வேலை செய்கிறது. அக்கால முகாம்களின் கூரை, சுவர், தெரு எப்படியிருந்தன என்பதைப் பழைய ஒளிப்படங்களில் தேடிப் பார்த்தே ஸாக்கோ வரைந்தார். ஆயினும் அது வரைபடம்தான், ஒருவர் கேட்டு வரைந்தது என்பதை வாசகர் ஒரு கணமும் மறப்பதில்லை. ஒளிப்படம் நேரில் கண்டதாக நம்மை மயக்கிவிடும். இக்கோடுகள் அப்படிச் செய்வதில்லை. உருவம் வரைதலில் தயக்கமுள்ள வாசகர்களுக்கு ஒன்று சொல்லத் தோன்றுகிறது. நம் மதரஸாக்களில் ஓதிக்கொடுக்கப்படும் ஹரீரியின் மகாமாத்துக்கு 1237இல் யஹ்யா அல்-வாஸித்தீ தீட்டிய ஓவியங்கள் இன்றும் பாரிஸில் பாதுகாக்கப்படுகின்றன. அந்நூலிலும் ஓர் அறிவிப்பாளர் சொல்லச் சொல்லவே காட்சிகள் விரிகின்றன. ஃபிக்ஹு விவாதத்தை இது தீர்த்துவிடாது. சொல்லும் சித்திரமும் சேர்ந்து நடப்பது நமக்குப் புதிதன்று என்பதை மட்டும் நினைவூட்டும்.

ஈரானிய எழுத்தாளர் மர்ஜானே சத்ரபியின் 'பெர்ஸபோலிஸ்' தமிழிலும் வந்து பரவலாகப் பேசப்பட்டது. நம் வட்டங்களில் அதை இஸ்லாமிய எதிர்ப்பு நூல் என்று ஒதுக்கியவர்கள் அவசரப்பட்டார்கள் என்றே கருதுகிறோம். ஷாவின் சிறையில் ஆண்டுக்கணக்கில் கிடந்த சிற்றப்பா புரட்சிக்குப் பின் மரண தண்டனைக்கு உள்ளாகும் கதையில், இரு ஆட்சிகளும் ஒருசேரக் குற்றக்கூண்டில் நிற்கின்றன. ஆனால் அவர் வரைவது தம் சொந்த நினைவை. பிறர் நினைவை வரையும் பொறுப்பு வேறு வகைப்பட்டது.

அங்கேதான் ஸாக்கோவின் மீது வைக்கத்தக்க கனமான ஆட்சேபமும் இருக்கிறது. ஃபலஸ்தீனர் தம் கதையைச் சொல்ல அமெரிக்காவில் வாழும் ஒருவர் வரவேண்டியிருந்ததா? உலகம் கேட்பதற்கு அவர் முகமும் கடவுச்சீட்டும் தேவைப்பட்டன என்பது கசப்பான உண்மை. ஸாக்கோவுக்கு முன்பே நாஜி அல்-அலீ இருந்தார். முதுகு காட்டி நிற்கும் ஹன்ளலா என்னும் சிறுவனைப் படைத்து, 1987இல் லண்டனில் சுடப்பட்டு மாண்டார். முஹம்மத் ஸபாஅனா 2013இல் இஸ்ரேலியச் சிறையிலிருந்து வந்து, 2021இல் தம் சிறை அனுபவத்தை லினோ அச்சுச் செதுக்கல்களாகவே நூலாக்கினார். லைலா அப்துர்ரஸ்ஸாக், லெபனானின் பத்தாவி முகாமில் தம் தந்தை வளர்ந்த கதையை 2015இல் வரைந்தார். இவர்களை நாம் எத்தனை பேர் வாசித்திருக்கிறோம் என்ற கேள்வியை மேற்குலகிடம் கேட்பதற்கு முன் நம்மிடமே கேட்டுக்கொள்ள வேண்டியிருக்கிறது.

2013ஆம் ஆண்டின் முஸஃப்பர்நகர் கலவரத்தைப் பற்றி ஸாக்கோ வரைந்த நூல் 2025இல் ஆங்கிலத்தில் வெளிவந்தது. ஜாட் சமூகத்தினரையும் முஸ்லிம்களையும் தனித்தனியே கேட்டு, ஒரே நிகழ்வு இரு கதைகளாகப் பிரியும் விதத்தை அதில் ஆராய்கிறார். இது நம் நாட்டுக் கதை என்பதால் தனியே எழுதப்பட வேண்டியது.

1956ஐப் பற்றி விசாரித்தபோது ரஃபாஹ்வின் இளைஞர்கள் ஸாக்கோவிடம் எரிச்சல்பட்டார்கள். எங்கள் வீடுகளை இன்று இடிக்கிறார்கள், நீர் ஐம்பதாண்டுப் பழங்கதையைக் கேட்கிறீரே என்றார்கள். அந்த எரிச்சலையும் அவர் வரைந்து வைத்தார். 2024 மே மாதம் இஸ்ரேலியப் படை ரஃபாஹ்வுக்குள் நுழைந்தது. அடுத்த ஓராண்டுக்குள் அந்நகரின் பெரும்பகுதி தரைமட்டமாக்கப்பட்டது. 1956இல் வளர்ந்த ஆண்களாக இருந்து அவருக்குச் சாட்சி சொன்னவர்களில் இன்று எவரேனும் உயிரோடிருந்தால் தொண்ணூறை நெருங்கியோ கடந்தோ இருப்பார்கள். பள்ளிக்கூடத்துக்கு ஆண்கள் விரட்டிச் செல்லப்பட்ட தெருவை, அவர்கள் விரல் நீட்டிக் காட்டிய திசையில், வீடு வீடாக, ஸாக்கோ வரைந்திருக்கிறார்.